மோடத்தின் மூன்றாவது விளக்கு

மலையைக் குற்றம் சொன்னவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற பிராட்பேண்ட் தெருமுனைக் கம்பத்திலிருந்து கம்பி வழியாகத்தான் வருகிறது. காற்றில் மிதந்து வருவதில்லை. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். ஆனாலும் அந்த வருஷம் என் இணைப்பு விட்டு விட்டுப் போனபோது, திருவண்ணாமலையில் நான் யாரிடம் போய்ப் புலம்பினாலும் அவர்கள் முதலில் கழுத்தைத் திருப்பி மலையைப் பார்த்தார்கள். "மலை ஓரம்ல, மறைக்கத்தான் செய்யும்" என்றார் எதிர் மளிகைக் கடைக்காரர். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவர், அந்தத் தொழிலிலேயே சோறு தின்கிறவர், "பௌர்ணமிக்கு ஜனம் ஜாஸ்தியா வருது, லைன்ல லோடு தாங்காது" என்றார். கிரிவலம் போகிறவர்கள் என்ன, என் டெலிபோன் கம்பி மேலேயா நடக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் என் வேலை போகிற நிலையில் இருந்தது.

நான் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த பிறகு, என்ன நோய், என்ன மருந்து என்று வாயால் சொல்லிப் பதிவு செய்துவிடுவார்கள். அந்தப் பேச்சை ஹெட்போனில் கேட்டு, பிழையில்லாமல் அடித்து, குறித்த நேரத்துக்குள் இன்டர்நெட்டில் திருப்பி அனுப்ப வேண்டும். மூக்கால் பேசுகிற டாக்டர், எதையோ மென்றுகொண்டே பேசுகிற டாக்டர், மூச்சு விடாமல் பேசுகிற டாக்டர் என்று எல்லாரும் எனக்குப் பழக்கம். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. எங்கள் வீட்டில் வேறு யாரும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் மாமனார் தவறிப்போனார். மாமியார் தனியாக இருக்கக்கூடாது என்று என் கணவர் திருவண்ணாமலைக்கு மாற்றல் வாங்கினார். மகள் வேலூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். நான் வேலையை விட்டுவிடுவேன் என்று எல்லாரும் தாங்களாகவே முடிவு செய்துவிட்டிருந்தார்கள். என்னிடம் கேட்கக்கூட இல்லை. சோற்றுக்குத் தண்ணீர் வைப்பதுபோல அது பாட்டுக்கு நடக்கும் என்று இருந்தார்கள். நான் கம்பெனியில் சண்டை போட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினேன். அந்த நாளில் அப்படி அனுமதி கிடைப்பது லேசில்லை. அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. லைன் நிற்கக்கூடாது.

நிற்கக்கூடாது என்று சொன்ன லைன், வந்த வாரத்திலிருந்தே நின்று நின்று போனது.

மோடம் என்பது சின்ன வெள்ளைப் பெட்டி. முன்பக்கம் வரிசையாகப் பச்சை விளக்குகள். மூன்றாவது விளக்குதான் லைன் விளக்கு. அது அசையாமல் எரிந்தால் இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம், மினுக்கினால் இல்லை. நான் ஒரு பெரிய ஃபைலை அனுப்பிக்கொண்டிருப்பேன், முக்கால்வாசி போயிருக்கும், மூன்றாவது விளக்கு அணைந்துவிடும். பிறகு மினுக்கும். ஒரு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ மினுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி எரியும். அதற்குள் ஃபைல் போயிருக்கும், நேரம் போயிருக்கும், எனக்கு உயிரும் பாதி போயிருக்கும். கார்த்திகை மாதம் பிறக்கிற சமயத்தில் கம்பெனி சூப்பர்வைசர் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "ஒரு மாசம் பார்க்கலாம் மேடம். அதுக்குள்ள லைன் சரியாகலைன்னா உங்க ஃபைல்களை இங்க ஆபீஸ் ஆளுங்களுக்கே கொடுத்துடுவோம்" என்றார்.

அன்றிலிருந்து நான் மோடத்தைப் பார்த்த அளவுக்குக் கடவுள் படத்தைப் பார்த்ததில்லை.

புகார் எண்ணுக்குப் போன் செய்தால் எங்கோ தூரத்திலிருந்து ஒரு இளம் குரல் வரும். "மேடம், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." பண்ணினேன். "அடாப்டரைக் கழட்டி மாட்டுங்க." மாட்டினேன். "ஸ்ப்ளிட்டர் புதுசு வாங்கிப் பாருங்க." ஸ்ப்ளிட்டர் என்றால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா. சுவரிலிருந்து வருகிற ஒற்றைக் கம்பியை அது போனுக்குத் தனியாக, மோடத்துக்குத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும். அது இல்லாமல் போனைக் கையில் எடுத்தால் இன்டர்நெட் படுத்துவிடும். புதுசு வாங்கி மாட்டினேன். பழையதைத் தூக்கி மேசை டிராயரில் போட்டேன். விளக்கு முன்போலவே அணைந்தது. மோடம் சூடாகிறது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, மனுஷருக்கு இல்லாத டேபிள் ஃபேனை அதற்கு வைத்தேன். மாமியார் ஒரு வெள்ளிக்கிழமை அதன் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனார். நெற்றி என்றால், கம்பெனி பெயர் போட்டிருக்கும் இடம். அதையும் நான் தடுக்கவில்லை.

ஒரு நாள் அந்த இளம் குரல் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டது. "வீட்ல பேரலல் போன் ஏதாச்சும் இருக்குதா மேடம்? அதே லைன்ல இன்னொரு போன்?" ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, சட்டை மாட்டிக்கொண்டிருந்த கணவரிடம் கேட்டேன்.

"நம்ம வீட்ல ஒரே போன்தான்" என்றார் அவர், பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நானும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் போதாதென்று இன்னொரு அநியாயம் நடந்தது. நான் கொடுக்கிற ஒவ்வொரு புகாரும் இரண்டொரு நாளில் தானாக மூடப்பட்டது. "உங்க கம்ப்ளெயின்ட் க்ளோஸ் ஆயிடுச்சு மேடம். நாங்க உங்க நம்பருக்குக் கூப்பிட்டோம். நல்லா இருக்குதுன்னு வீட்ல சொல்லிட்டாங்க." எந்த வீட்டில்? யார் சொன்னார்கள்? மாமியாரைக் கேட்டால், "நான் எதுக்குடீம்மா அந்த போனை எடுக்கப்போறேன்?" என்றார். அது உண்மை. அவர் சுலபத்தில் போன் எடுக்கமாட்டார். நான் ஹெட்போன் மாட்டி வேலை செய்யும்போது மணி அடித்தால் எனக்குக் கேட்காது. புகார்ப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு கூசாமல் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அந்தக் குரலைப் பிடித்துக் கத்தினேன். "சாரி மேடம்" என்றது. அந்த சாரியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லைன்மேன் வந்தார். மோடத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மூன்றாவது விளக்கு கல்யாணப் பெண்போல அடக்கமாக எரிந்தது. "நல்லாத்தானே எரியுது" என்றார். கொஞ்சம் இருந்து பாருங்கள் என்றேன். அவருக்கு நேரமில்லை. "தீபம் வருதும்மா. கலெக்டர் ஆபீஸ், போலீஸ், கோயிலு, எல்லாத்துக்கும் லைன் இழுத்துக்கினு இருக்கோம். தீபம் முடியட்டும், வர்றேன்" என்று சைக்கிளில் ஏறிவிட்டார். கொல்லைப்பக்கம் ஒரு எட்டு வைத்துப் பார்த்திருந்தால் என் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். வைக்கவில்லை.

எங்கள் ஊரில் ஐப்பசி பாதியிலிருந்தே எதைக் கேட்டாலும் இந்தப் பதில்தான். குழாய் ரிப்பேரா, தீபம் முடியட்டும். பையன் ஜாதகமா, தீபம் முடியட்டும். தீபமும் முடிந்தது. மலை உச்சியில் கொப்பரையில் ஏற்றிய தீபம் காற்றிலும் மழைத்தூறலிலும் பதினோரு நாள் எரிந்தது. என் மேசை மேல் இருந்த கடுகத்தனை விளக்கு பதினோரு நிமிஷம் சேர்ந்தாற்போல எரியவில்லை. லைன்மேனைத் தேடிப் போனால், "ஜனம் ஊர் போய்ச் சேரட்டும்" என்றார்கள். சூப்பர்வைசர் கொடுத்த மாதம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டிருந்தது. புது லைன் தனியாகக் கொடுங்கள் என்று மனு கொண்டுபோனேன். எங்கள் சந்துக்கு வருகிற கேபிளில் காலி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். தேரடி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் நீளமான பழைய வீடு. மாமனாரும் அவருடைய அண்ணனும் ஒன்றாக இருந்த வீடு. தொண்ணூறுகளின் கடைசியில் ஏதோ ஒரு வார்த்தை தடித்து, பாகம் பிரித்தார்கள். என்ன வார்த்தை என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். முற்றத்தின் நடுவே சுவர் எழும்பியது. சுவர் மேல் கண்ணாடிச் சில்லும் பதித்தார்கள், திருடனுக்கு அல்ல, ஒருவருக்கொருவர். அண்ணன் செத்தபோது என் மாமனார் தெருவோடு நின்று மாலையை யாரிடமோ கொடுத்துவிட்டுத் திரும்பினாராம். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அண்ணனின் மனைவி, பெரிய அத்தை, மட்டும் தனியாக இருந்தார். அவர் மகன் பெங்களூரில். இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. நாங்கள் சென்னையில் இருந்தவரை பண்டிகைக்கு வந்து போகிறவர்கள்தானே, எனக்கு இதில் பாதி தெரியாது. அந்தப் பக்கம் பார்க்காதே என்பது மட்டும் தெரியும்.

வீட்டுப் போனுக்கு ஒரு விதி இருந்தது. ஒரே ஒரு மணி அடித்து நின்று, மறுபடி அடிக்க ஆரம்பித்தால் எடுக்கக்கூடாது. "அது நமக்கில்ல" என்பார் மாமியார். யாருக்கு என்று கேட்டேன். "ராங் நம்பர்" என்றார். அடிக்கிறதுக்கு முன்னாலேயே ராங் நம்பர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், உள்ளே வேலை இருப்பதாக எழுந்து போய்விடுவார். வயசானவர்களுக்கு இருக்கிற எத்தனையோ பழக்கத்தில் இது ஒன்று என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். நீளமான ஆபரேஷன் குறிப்பு ஒன்று, கஷ்டப்பட்டு அடித்தது, போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது விளக்கு பட்டென்று அணைந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். இன்றைக்கு அந்த இளம் குரலை அழவிடுவது என்ற முடிவோடு நேராகப் போய் ரிசீவரை எடுத்தேன்.

டயல் டோன் இல்லை. ஓர் இரைச்சல், மழை பெய்கிற மாதிரி. அந்த இரைச்சலுக்கு நடுவில் குக்கர் விசில் அடித்தது. எங்கள் வீட்டில் குக்கர் வைக்கவில்லை. மறுபடி விசில். இந்தத் தடவை வலது காதில் ரிசீவரிலும், இடது காதில் சுவருக்கு மேலாகவும், ஒரே விசில் இரண்டு பக்கமும் கேட்டது. பிறகு யாரோ மூச்சை இழுத்து விட்டார்கள்.

"ஹலோ, யாரு?" என்றேன்.

டக் என்று வைக்கும் சத்தம். நானும் வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன், டயல் டோன் வந்தது. திரும்பிப் பார்த்தேன். மோடத்தில் மூன்றாவது விளக்கு மினுக்கி, மினுக்கி, நின்று எரிந்தது.

கொல்லைப்பக்கம் ஓடினேன். சுவரில் டெலிபோன் பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி எங்கள் ஹாலுக்கு. இன்னொன்று ஓட்டுச் சரிவின் ஓரமாகவே போய், கேபிள் டிவி வயரோடு வயராகப் பின்னிக்கொண்டு, கண்ணாடிச் சில்லுகளுக்கு மேலாக அந்தப் பக்கம் இறங்கியது. அதற்கு அடியில்தான் நான் தினமும் புடவை உலர்த்தினேன்.

மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அத்தை, இந்த வயர் எங்க போகுது?"

"அங்கதான்."

"அங்கன்னா?"

"அவங்க வீட்டுக்கு" என்றார், சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதுபோல. "உன் வீட்டுக்காரரோட தாத்தா பேர்ல வந்த போனாச்சே. எண்பத்தொம்போதுல எழுதிப் போட்டு, எத்தினியோ வருஷம் காத்திருந்து வந்துச்சு. பாகம் பிரிக்கும்போது அண்டா குண்டான் எல்லாம் பிரிச்சாங்க. போனை வெட்டவா முடியும்? ஆளுக்கு ஒரு போனு, ஒரே லைனுன்னு பெரியவங்க பேசி விட்டுட்டாங்க. ஒரு மணி அடிச்சு நின்னு அடிச்சா அவங்களுக்கு. நேரா அடிச்சா நமக்கு."

"இதை ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல? ரெண்டு மாசமா நான் நாயாப் பேயா அலையறேனே!"

கீரையிலிருந்து ஒரு பழுப்பு இலையை எடுத்துப் போட்டார். "நீ நெட்டைத்தானேம்மா கேட்டே? போனைப் பத்தி எங்க கேட்டே?"

எனக்கு வந்த கோபத்தை எழுத வார்த்தை இல்லை. மலையைத் திட்டியிருக்கிறேன், மழையைத் திட்டியிருக்கிறேன், முகம் தெரியாத ஒரு பிள்ளையைப் பொய்யன் என்று திட்டியிருக்கிறேன். குற்றம் முழுக்க எங்கள் முற்றத்துக்குள்ளேயே ஒரு முழ வயராகத் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும்.

சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன். "பேரலல் போன் இருக்குதான்னு கேட்டப்போ இல்லன்னீங்களே?"

"நம்ம வீட்ல ஒண்ணுதானே இருக்குது? நான் சொன்னது என்ன பொய்யா?"

இவர் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுகிற பழக்கத்தை வீட்டிலும் வைத்திருந்தார். நான் பொறுமையாகவே சொன்னேன். பெரிய அத்தை போனை எடுக்கும்போதெல்லாம் இணைப்பு போகிறது. அந்தப் போனுக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் மாட்டிவிட்டால் போகாது. ஐந்து நிமிஷ வேலை. பழைய ஸ்ப்ளிட்டர் டிராயரில் இருக்கிறது. போய் ஒரு வார்த்தை கேளுங்கள்.

"அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன்."

"அப்ப வயரை வெட்டிடலாம்."

"வெட்டக் கூடாது. பெரியவங்க வெச்ச பங்கு. வெட்டினா நாமதான் பேச்சை மீறினோம்னு ஊர் சொல்லும்."

பேசவும் மாட்டார்கள், வெட்டவும் மாட்டார்கள். பில்லில் அவர்கள் பங்கைக் கேட்டால் பேசவேண்டி வருமே என்று, அதையும் இவரே முழுசாகக் கட்டி வந்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "அப்ப நான் என்ன பண்றது?" என்று கேட்டேன்.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "வேணும்னா வேலையை விட்டுடு. உன்னை யாரு கஷ்டப்படச் சொன்னது?"

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. கரிசனமாகச் சொன்னார். அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. பெற்ற தாய் மாதிரி வளர்த்த ஒரு பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுவது இவருக்கு மலை. பல வருஷம் நான் காதைக் கொடுத்துக் கற்ற தொழிலை விட்டுவிடுவது மட்டும் துரும்பு. அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போட்டேன், பேசவில்லை.

மறுநாள் அவர் ஆபீஸ் போனதும், டிராயரிலிருந்து பழைய ஸ்ப்ளிட்டரை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினேன். "எங்கம்மா போறே?" என்றார் மாமியார். "அங்கதான்" என்றேன். இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு மின்கம்பம்தான் தூரம். அதைத் தாண்ட எனக்கே கால் கூசியது. கூசியதற்காக இன்னும் கோபம் வந்தது.

பெரிய அத்தை கதவைத் திறந்தார். ஒல்லியான உடம்பு, மூக்கில் பெரிய கண்ணாடி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "பொண்ணுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கிச்சா?"

மகளின் வயிற்றுக் கோளாறைப் பற்றி நான் என் அம்மாவிடம் போனில் மட்டும்தான் சொல்லியிருந்தேன். எனக்குக் காது மடல் சூடேறியது. "நாங்க பேசறதை எல்லாம் கேக்கறீங்களா?" என்றேன்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஏன், உன் மாமியார் கேக்கலையா? நான் பெங்களூர்ல எம்புள்ளைகிட்ட பேசும்போதெல்லாம் அவ எடுத்துக் காதுல வெச்சுக்குவா. அவளுக்கு வீசிங்கு இருக்குதுல்ல, மூச்சு இரையறது எனக்கு நல்லாத் தெரியும். நான் ஒண்ணும் சொல்றதில்ல. கேட்டுட்டுப் போறான்னு விட்டுடுவேன்." பிறகு குரலில் சூடு ஏறியது. "நீங்கதான் அநியாயம் பண்ணீங்க. நீ வந்ததுலேர்ந்து போனை எடுத்தா ஒரே இரைச்சல். நான் கேக்கக் கூடாதுன்னு ஏதோ மிஷின் வெச்சிட்டீங்க. நானும் தினம் எடுத்து எடுத்துப் பாக்கறேன், நின்னுச்சா நின்னுச்சான்னு."

என் உயிரை வாங்கியது அந்த எடுத்து எடுத்துப் பார்த்ததுதான். பகல் முழுக்க, சமையலுக்கு நடுவில், பூ கட்டுவதற்கு நடுவில், இரைச்சல் நின்றதா என்று ரிசீவரைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறார். தூக்கும்போதெல்லாம் என் விளக்கு அணைந்திருக்கிறது.

"டெலிபோன் ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"கூப்பிடுவாங்க. நேரா அடிக்கிற மணிதான், உங்களுக்கு வர்றது. நீங்க யாரும் எடுக்க மாட்டீங்க. அடிச்சுக்கினே இருக்குதேன்னு எடுப்பேன். போன் நல்லா இருக்குதாம்மான்னு கேப்பாங்க. அடிக்குது, பேச முடியுது, நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லுவேன். உங்க வூட்டுக்கு நான் செஞ்ச உபகாரம்" என்றார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அந்த இளம் குரல் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

அவருடைய போன் ஜன்னலோரம் இருந்தது, சிவப்பு நிறம், மேலே பூப்போட்ட துணி. துணியை மடித்து வைத்துவிட்டு ஸ்ப்ளிட்டரை மாட்டினேன். "இப்ப எடுங்க" என்றேன். அவர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். விளக்கு என்னவாயிற்று என்று பார்க்க எங்கள் வீட்டில் ஆள் வேண்டுமே. முற்றத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக் கத்தினேன். "அத்தை! மூணாவது லைட் எரியுதா பாருங்க!"

பதில் இல்லை. அந்த வீட்டிலிருந்து வருகிற குரலுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று தவித்திருப்பார். இன்னொரு தடவை கத்தினேன். ரொம்ப நேரம் கழித்து, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, பாதாளத்திலிருந்து வருவதுபோல வந்தது. "எரியுது."

பெரிய அத்தை ரிசீவரோடு நின்றபடி சுவரைப் பார்த்தார். "அவ குரல் கம்மியாயிடுச்சே" என்றார். பிறகு காதில் இருந்ததைக் கவனித்து, "ஏய், இரைச்சல் நின்னுடுச்சு!" என்றார். காபி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று உட்கார வைத்தார். குடித்தேன். குடித்துக்கொண்டே, வேலையை விட்டுடு என்று கணவர் சொன்னது வரைக்கும் அவரிடம் கொட்டிவிட்டேன்.

அதோடு விளக்கு அணைவது நின்றது. ஃபைல்கள் ஒரே மூச்சில் போயின. கெடு முடிகிற நாளில் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "சூப்பர் மேடம், இப்படியே போகட்டும்" என்றார். என் வேலை என் கையில் நின்றது. ஆனால் வீட்டில் எனக்குக் கிடைத்தது முகத்திருப்பல். கணவர் பேசவேண்டியதைச் சுவரைப் பார்த்துப் பேசினார். "அந்த வீட்டு காபியைக் குடிச்சியாமே" என்றார் ஒரு தடவை, நான் ஏதோ சாராயம் குடித்துவிட்டு வந்ததுபோல. மாமியார் மட்டும் சாயங்காலங்களில் முற்றத்துச் சுவரோரமாகவே முறத்தை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆரணியிலிருந்து கணவரின் தங்கை கூப்பிட்டாள். அவள் எப்போதும் வீட்டுப் போனுக்குத்தான் கூப்பிடுவாள். நான் பக்கத்து அறையில் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டி வேலை செய்துகொண்டிருந்தேன். அவள் நெட்டைப் பற்றி விசாரித்திருப்பாள்போல. கணவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அதெல்லாம் எப்பவோ சரியாயிடுச்சு" என்றார். "இவ சும்மா புலம்பிக்கினே இருந்தா. நான்தான் நேரா டெலிபோன் ஆபீஸுக்குப் போயி ஒரு சத்தம் போட்டேன். மறுநாளே வந்து சரி பண்ணிட்டானுங்க. ஆம்பளை போயிக் கேட்டாத்தான் வேலை நடக்குது."

என் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. எழுந்து போய் ரிசீவரைப் பிடுங்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் சுவருக்கு மேலாக ஒரு குரல் எழுந்தது. அதே நொடியில் அந்தக் குரல் ரிசீவரிலும் வெடித்திருக்கவேண்டும், அவர் அதைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்.

"டேய்! பொய் சொல்லாதடா! நீ எந்த ஆபீஸுக்குடா போனே? உம்பொண்டாட்டிதான் தனியா எங்க வூட்டுப் படியேறி வந்து சரி பண்ணிட்டுப் போனா. வேலையை விட்டுடுன்னு சொன்னவன்தானடா நீ? தங்கச்சிகிட்ட அதைச் சொல்லுடா!"

சந்து முழுக்கக் கேட்டிருக்கும். மாமியார் முறத்தோடு எழுந்து நின்றுவிட்டார். கணவர் ரிசீவரை வைக்கவில்லை. வைத்திருக்கலாம், அதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். தள்ளிப் பிடித்ததை மெல்லக் காதுக்குக் கொண்டுபோனார்.

"ஆமா பெரிம்மா" என்றார்.

அவ்வளவுதான் பேசினார். சுவர் கட்டிய பிறகு அவர் அந்த வீட்டோடு பேசிய முதல் பேச்சு அது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. எனக்காகச் சொல்லவேண்டிய ஒரு வார்த்தையை இந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. பேசவே கூடாது என்று தள்ளி வைத்த ஒரு பொம்பளை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள். நான் மோடத்தைத் திரும்பிப் பார்த்தேன். மூவர் ஒரே லைனில் இருந்தும் மூன்றாவது விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, பாதியில் நின்ற டாக்டரை மறுபடி பேசவிட்டேன்.